பேட்டரிக்கு வாரம் ஒரு சட்டை

நகவெட்டியால் கிழித்தால் கிழிசல் நேராக விழுகிறது. சாவியால் கீறினால் உள்ளே இருக்கும் உலோகத்திலும் கோடு விழுகிறது. பல்லால் கடித்தால் கடித்தது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, கட்டைவிரல் தடிமனில் இருந்த ஒரு பேட்டரியின் பிளாஸ்டிக் மேலுறையோடு அரை மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் நெவில் ஹார்க்னஸ்.

வியாழக்கிழமை, மணி மூன்றேகால். நாலு மணிக்கு ஃப்ரீமன் தெருவில் மின்சிகரெட் விற்கும் வேப் கடையில் பெவர்லியின் முன்னால் போய் நிற்க வேண்டும். உறை கிழியாத பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு நிற்பது?

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். நெவில் வேப் இழுக்கிற ஆளே கிடையாது. சிகரெட்டும் கிடையாது. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீனுக்குப் புகை போடும் கூடத்தில் முப்பது வருஷமாக வேலை. "நாள் பூரா ஓசியில கெடைக்கிற புகையே சட்டைய விட்டுப் போக மாட்டேங்குது, இதுல காசு குடுத்து வேற வாங்கணுமா?" என்று ஊரையே கேலி செய்துகொண்டிருந்தவன்தான்.

போன செப்டம்பரில் அவன் தங்கை புருஷன் ராய்க்குக் கால் பிசகிவிட்டது. அந்த ராய் வேப் பைத்தியம். வாயைத் திறந்தால் மேகம்தான் வரும், பேச்சு பின்னால் வரும். "மச்சான், இந்த பேட்டரிக்கு மேலுறை கிழிஞ்சு போச்சு. கடையில குடுத்தா புதுசு மாட்டித் தருவாங்க. போய்ட்டு வாயேன்" என்றான். நெவில் போனான். விதி யாரை விட்டது!

பெவர்லிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. நரைத்த முடியைத் தூக்கிக் கட்டி, அதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். பேட்டரியை வாங்கி இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தாள்.

"சட்டை கிழிஞ்சிருக்கு கண்ணு. புதுச் சட்டை போட்டுருவோம். என்ன கலர் வேணும்?"

அவள் எல்லோரையும்தான் கண்ணு என்பாள். தபால்காரனையும் கண்ணு என்பாள், ஜன்னலைத் தட்டுகிற கடல்காகத்தையும் கண்ணு என்பாள். அதெல்லாம் நெவிலுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பன்னிரண்டு வருஷமாக அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. குளியலறைக்கு ஓடு பதிக்க வந்தவனோடு அவன் பெண்டாட்டி ஸ்பெயினுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஓட்டை மட்டும் பாவி நன்றாகப் பதித்திருந்தான், இன்றுவரை ஒன்றுகூடப் பெயரவில்லை.

"நீலம்" என்றான் நெவில்.

பழைய உறையை உரித்தாள். தலைப்பக்கம் இருந்த காகித வளையத்தைச் சரிபார்த்தாள். நீல நிறக் குழலில் பேட்டரியை நுழைத்து, தலை உலர்த்தும் ஹேர் டிரையரைப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினாள். தொளதொளவென்று இருந்த பிளாஸ்டிக் சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஓரத்தை விரலால் நீவிவிட்டு, சூடு ஆறுவதற்குள் அவன் உள்ளங்கையில் வைத்தாள். மொத்தம் எட்டு நிமிஷம். அந்தச் சூடு போகாமல் கைக்குள் பொத்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான் நெவில். ராய்க்கு வேறு பேட்டரி வாங்கிக் கொடுத்துவிட்டான், இதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து வாரம் ஒரு வியாழக்கிழமை, ஒரு கிழிசல், ஒரு சட்டை. ஒரு வருஷம் ஓடிவிட்டது. வெள்ளி முதல் புதன்வரை மீனைக் கம்பியில் கோத்துப் புகையில் தொங்கவிடுவான். வியாழனன்று மட்டும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்து, வாசனைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்புவான். சில மாதங்களாகப் பெவர்லி கடையில் கோட்டைக் கழற்றாமலே நிற்கிறாள். கடைக்காரன் ட்ரெவர் கஞ்சத்தனத்தில் ஹீட்டர் போடுவதில்லை, அதனால்தான் பாவம் நடுங்குகிறாள் என்று அவன்மேல் நெவிலுக்குத் தீராத கோபம்.

அந்த வியாழக்கிழமை எதுவும் சரிப்படாமல், கடைசியில் குளியலறை ஓட்டின் விளிம்பிலேயே உரசினான். கிழிசல் நன்றாக விழுந்தது. ஓடு பதித்தவன் இதற்காவது உதவினானே என்று நினைத்துக்கொண்டு ஓடினான்.

ஆனால் அன்றைக்குப் பெவர்லி ஹேர் டிரையரை எடுக்கவில்லை. பேட்டரியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, வாரா வாரம் உனக்கு மட்டும் எப்படிக் கிழியுது?"

"எனக்குக் கை கொஞ்சம் முரடுங்க."

"கை முரடா இருந்தா இப்படியா கிழியும்? உன் மெஷின் உள்ளுக்குள்ள எங்கியோ பிசிர் நிக்குது. சட்டை இல்லாத பேட்டரி மெஷின் உடம்புல பட்டுச்சுன்னா ஷார்ட் ஆயிரும், பையிலயே பத்திக்கும். அடுத்த வாரம் மெஷினையும் எடுத்துட்டு வா, பாத்துருவோம்."

"மெஷினா?"

"இல்ல, பேட்டரிய வெறுமனே வாயில வச்சு சப்புறியா?"

உள்ளே ட்ரெவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நெவிலும் சிரித்தான். மெஷின் இல்லை என்று சொன்னால் எல்லாம் அம்பலம். ஒரு வருஷமாக இந்த மனுஷன் எதற்கு வந்தான் என்ற கேள்வி வரும். அதற்குப் பிறகு கடைப்படி ஏற முடியுமா? எட்டு நிமிஷமும் போய்விடும்.

நேரே ராய் வீட்டுக்குப் போனான்.

"மாப்ளே, உன் பழைய மெஷின் ஏதாவது கெடந்தா குடேன்."

"யாரு, நீயா மச்சான்? மேகம்னா மழைக்குத்தானே வரணும்னு பேசுன ஆளு?"

"குடுப்பியா மாட்டியா?"

ராய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரணைக் குடைந்து ஒரு பித்தளைக் குழாயை எடுத்துக் கொடுத்தான். யார் பெரிய புகைமேகம் விடுவது என்கிற போட்டியில் இரண்டு தடவை ஜெயித்த குழாயாம். உள்ளே கம்ப்யூட்டரும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. பொத்தானை அமுக்கினால் பேட்டரியில் இருக்கும் அத்தனையும் நேராகக் கம்பிச்சுருளுக்குத்தான் போகும். நெவிலுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? பளபளவென்று இருந்தது, அது போதும் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த வியாழக்கிழமை குழாயைப் பார்த்ததும் பெவர்லியின் முகத்தில் ரத்தமே இல்லை. சுருளை ஒரு சின்னக் கருவியில் மாட்டி அளந்தாள்.

"தடை பூஜ்யம் புள்ளி பன்னெண்டு ஓம்தான். இதுலயா இந்த பேட்டரியப் போட்டு ஒரு வருஷமா இழுக்கிறே?"

"ஆமாங்க. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கா! உன் ஒதடு இன்னும் மூஞ்சியிலதான் இருக்குதான்னு தொட்டுப் பாத்துக்கோ."

நெவில் நிஜமாகவே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இங்க பாரு கண்ணு. உன் மாப்பிள்ளை ராய் ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்தா எத்தனை கிளாஸ் பீர் குடிப்பான்?"

"பத்து இருக்கும்."

"அது கொள்ளளவு. இந்த பேட்டரி மேல மூவாயிரத்து ஐநூறு மில்லி ஆம்ப் அவர்னு போட்டிருக்கே, அதான் அது. மொத்தமா எவ்வளவு புடிக்கும்கிற கணக்கு. சரி, ஒரே மடக்குல எவ்வளவு குடிச்சா அவன் கக்காம நிப்பான்?"

"அரை கிளாஸ். அதுக்கு மேல போனா தங்கச்சி கூப்பிட்டு அழுவா."

"அதான் ஆம்ப். வயிறு பெருசா இருக்கே, தொண்டையும் பெருசாத்தான் இருக்கும்னு நெனைக்காதே. ஒரே அளவு பேட்டரியில பெரிய வயித்துக்காரனுக்குச் சின்னத் தொண்டைதான். இதுக்கு எட்டு ஆம்ப்தான் எறங்கும். உன் குழாய் ஒரே மடக்குல முப்பத்தஞ்சு கேக்குது. ஒரு வருஷமா நீ எப்படி உசுரோட இருக்கேன்னு எனக்குப் புரியல."

தனக்கும் அதே கதிதான் என்று நெவில் நினைத்துக்கொண்டான். ஒரு வருஷத்து ஆசை வயிறு முட்டக் கிடக்கிறது. வாயைத் திறந்தால் 'நீலம்', 'பச்சை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அவள் திட்டும்போது மூக்கு நுனி சிவப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். கவலைப்படுகிறாள், நமக்காக ஒருத்தி கவலைப்படுகிறாள் என்று நினைக்க நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது.

"அழாதே கண்ணு, தப்பு எல்லாரும் பண்றதுதான்" என்றாள் பெவர்லி. குழாயை எடுத்து மேஜையடியில் போட்டுவிட்டாள். "இதை உனக்குத் திருப்பித் தரமாட்டேன். இந்தா, இதப் பாரு. பேட்டரி உள்ளயே இருக்கும். கழட்டவே வேணாம். சட்டையும் கெடையாது, கிழிசலும் கெடையாது. ரெண்டு வருஷத்துக்கு நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்க வேண்டியதே இல்ல."

நெவில் அந்த மெஷினை அவசரமாக அவள் பக்கமே தள்ளினான்.

"வேணாங்க! எனக்குக் கழட்டுற மாதிரிதான் வேணும். சட்டை போடுற மாதிரி."

"அது எதுக்கு?"

"பழகிருச்சுங்க."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஒரு பெட்டி மெஷினையும், இருபது ஆம்ப் தாங்கும் புதுப் பேட்டரி ஒன்றையும் எடுத்து வைத்தாள். "இதுக்குத் தொண்டை பெருசு. ஆனா கொள்ளளவு ரெண்டாயிரத்து ஐநூறுதான், சீக்கிரம் தீந்துரும்."

"எவ்வளவு சீக்கிரம்? இதைவிடச் சீக்கிரம் தீர்றது இருக்குங்களா?"

"எல்லாரும் அதிக நேரம் வர்றது எதுன்னு கேப்பாங்க. நீ ஒருத்தன்தான் இப்படிக் கேக்கிறே" என்று சொல்லிவிட்டு, ரசீது போட ட்ரெவரைக் கூப்பிட்டாள். "நல்ல மெஷின், நல்ல பேட்டரி. இனி ஆறு மாசத்துக்குச் சட்டை கிழியாது. நிம்மதியா இரு."

நிம்மதியாம்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ஆறு மாசம் கிழியாத சட்டையை வைத்துக்கொண்டு நெவில் என்ன செய்வான்? வெள்ளி, சனி எல்லாம் தூக்கமில்லை. புகைக்கூடத்தில் கோத்த மீனையே திரும்பக் கோத்தான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அவனைக் காப்பாற்றியது. அதாவது, காப்பாற்றியதாக அவன் நினைத்தான். பழைய சாமான் விற்கிற ஒருவனிடம் தங்கநிறத்தில் ஒரு பேட்டரி இருந்தது. அதன்மேல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்றும் அறுபது ஆம்ப் என்றும் நெருப்புப் படத்தோடு போட்டிருந்தது. வயிறும் பெருசு, தொண்டையும் பெருசு! இதைக் கொண்டுபோய்க் காட்டினால் பெவர்லி பத்து நிமிஷமாவது பேசுவாள் என்று கணக்குப் போட்டான். கையில் எடுத்தபோது லேசாகத்தான் இருந்தது. ஹேடாக் மீனைத் தூக்கினாலே கிராம் கணக்கில் எடை சொல்லும் மனுஷன். ஆசை கையையும் மரத்துப்போக வைத்துவிட்டது.

பெவர்லி தொட்டவுடனே சொல்லிவிட்டாள்.

"இதுல ஒண்ணுமே இல்ல. இந்த அளவு பேட்டரியில ஒம்பதாயிரம்லாம் ஒலகத்துலயே கெடையாது கண்ணு. எவனோ வாய்க்கு வந்ததை அச்சடிச்சிருக்கான்."

தங்க உறையை உரித்தாள். அதற்குள்ளே இன்னொரு சட்டை, வெளிறிப்போன பச்சை. அடியில் துரு.

"ஏதோ செத்துப்போன லேப்டாப்புல இருந்து உருவுனது. இதையும் போட்டு இழுத்தியா?"

அங்கேதான் நெவில் புத்தி கெட்டுப்போய் ஒரு பொய்யைச் சொன்னான். "லேசா இழுத்தேங்க."

பெவர்லி கையிலிருந்ததை மேஜைமேல் வைத்தாள். குரல் மாறிவிட்டது.

"நீ சாகணும்னே இருக்கியா? உன்னைக் கேக்கிறதுக்கு வீட்டுல யாருமே இல்லியா?"

"இல்லீங்க" என்றான் நெவில். அந்த ஒன்றுதான் அன்றைக்கு அவன் சொன்ன உண்மை.

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஹேர் டிரையரின் ஒயரைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கடை மெஷின் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இழு."

"இங்கியா?"

"நீ எப்படி இழுக்கிறேன்னு பாக்கணும். இழு."

ஐம்பத்து நாலு வயசில், வாழ்க்கையில் முதல் தடவையாக, நெவில் வேப் இழுத்தான். மாம்பழ வாசனையில் ஏதோ ஒரு பேய் தொண்டைக்குள் இறங்கியது. இருமினான். குனிந்து இருமினான், உட்கார்ந்து இருமினான், விளம்பர அட்டையைக் கட்டிக்கொண்டு இருமினான். ட்ரெவர் தண்ணீரோடு ஓடி வந்தான். கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள்.

இருமல் நின்று அவன் நிமிர்ந்தபோது பெவர்லியின் கண்ணில் தண்ணீர்.

"நெஞ்சு பூராப் புண்ணாப் போச்சு உனக்கு. போதும். இன்னையோட விட்டுரு. பேட்டரியும் வேணாம், சட்டையும் வேணாம். இனிமே இந்தக் கடைப் பக்கம் உன்னைப் பாத்தேன், காலை ஒடிச்சிருவேன்."

"பெவர்லி, அது வந்து..."

"ஒண்ணும் பேசாதே. போ. நீ நல்லா இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு."

அவன் மெஷின், பேட்டரி எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். மெனக்கெட்டுத் தானே சம்பாதித்துக்கொண்ட தண்டனை. யாரிடம் போய் அழுவது?

அடுத்த வியாழக்கிழமை மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தான். வாசனைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். ஃப்ரீமன் தெருமுனைவரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். அதற்கு அடுத்த வியாழக்கிழமை அந்தத் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில் மாடியில் ஏறி உட்கார்ந்தான். கடையைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தால், ஜன்னல் முழுக்க டிராகன் படம் ஒட்டியிருந்தார்கள். டிராகனைப் பார்த்துவிட்டு வந்தான்.

வீட்டில் ஹேர் டிரையர் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அதைப் போட்டு உள்ளங்கையில் சூடு காட்டிப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது, ஆனால் அது அந்தச் சூடு இல்லை. அழுகை வந்தது, அழுதான். பெண்டாட்டி ஸ்பெயினுக்குப் போனபோதுகூட அவன் இப்படி அழவில்லை. அவளை மறுபடி பார்க்க வேண்டும், அந்த 'கண்ணு'வை ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

ராய் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், வேப்ப விட்டா மொதல் ரெண்டு வாரம் இப்படித்தான் இருக்கும். நரம்பெல்லாம் இழுக்கும். தாங்கிக்கோ" என்று ஆறுதல் சொன்னான்.

திங்கட்கிழமை மத்தியானம், வேலை முடிந்ததும் நெவில் வீட்டுக்குப் போகவில்லை. சோப்பும் போடவில்லை, வாசனைத் தண்ணீரும் இல்லை. வியாழன்வரை இருந்தால் இந்தத் தைரியம் செத்துவிடும் என்று, மீன் வாடையும் புகை வாடையுமாக அப்படியே போய்க் கடைக்கதவைத் தள்ளினான். உண்மையைச் சொல்லிவிட வேண்டியது, காலை ஒடித்தால் ஒடிக்கட்டும்.

ட்ரெவர் மட்டும்தான் இருந்தான். கடைக்குள் கதகதவென்று ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

"பெவர்லி இல்லியா?"

"இன்னைக்குத் திங்கக்கிழமைய்யா."

"லீவா? பரவாயில்ல, நீயே கேட்டுக்கோ. அவகிட்ட நீயே சொல்லிரு, எனக்கு வாய் வராது. ட்ரெவரு, நான் வேப் இழுக்கிறவனே இல்ல."

"என்னது?"

"இழுத்ததே இல்ல. அன்னைக்கு இருமுனேனே, அதான் மொதலும் கடைசியும். பேட்டரிச் சட்டைய நானேதான் கிழிச்சேன். நகவெட்டி, சாவி, அப்புறம் குளியலறை ஓடு. ஒரு வருஷமா, வாரா வாரம். அவ சட்டை மாட்டித் தர்ற அந்த எட்டு நிமிஷத்துக்காகத்தான்யா நான் ஏழு நாள் உசுரோட இருந்தேன். அவ இதைக் கேட்டுட்டுச் சிரிச்சாலும் சரி, திட்டுனாலும் சரி. என் நெஞ்சு நல்லாத்தான் இருக்குன்னு மட்டும் சொல்லிரு, பாவம், கவலைப்படுவா."

சொல்லிவிட்டு நெவில் மேஜையைப் பிடித்துக்கொண்டான். ட்ரெவர் சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தான், பிறகு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"கடவுளே, ரெண்டும் ஒரே ரகமாத்தான் இருக்கு" என்றான். "யோவ் நெவிலு, அவ இந்தக் கடை வேலைய விட்டே ஏழு மாசமாச்சு, வியாழக்கிழமை நாலு மணிக்கு மட்டும் இந்த மேஜைக்குப் பின்னாடி நிக்க எடம் குடுன்னு, வாரா வாரம் எனக்கு ஒரு கேக்கு சுட்டுக் கொண்டாந்து தர்றாய்யா, போன ரெண்டு வியாழனும் கதவையே பாத்துக்கிட்டு நின்னுட்டுப் போனா!"